முழங்கால் எங்கே இருக்கிறது?

கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கும் எட்டு வயதுக் குழந்தையிடம் "காலை நீட்டும்மா" என்று சொன்னால், "நீட்டித்தான் மிஸ் வெச்சிருக்கேன்" என்று கீழேயிருந்து பதில் வரும். முட்டி மடங்கியிருப்பதும் முதுகு வளைந்திருப்பதும் பார்ப்பவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். குழந்தை பொய் சொல்லவில்லை, பிடிவாதமும் பிடிக்கவில்லை. கால் நேராக இருப்பதாகத்தான் அவள் உடல் அவளிடம் சொல்கிறது. அந்தத் தகவல் தவறு என்று அவளாகக் கண்டுபிடிக்க வழியே இல்லை. "நீட்டு, நீட்டு" என்று எத்தனை முறை கத்தினாலும் கால் நீளாததற்குக் காரணம் இதுதான். உடலை நேர்த்தியாக வைத்துக்கொள்வதற்கு முன்னால், உடல் தரும் தகவலைச் சரியாகப் படிக்கக் கற்க வேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸ் கற்கும் குழந்தைகளின் முதல் சில ஆண்டுகள் பெரும்பாலும் இதற்கே செலவாக வேண்டும் என்பது என் கருத்து.

நேர்த்தி என்பது அழகுக்காக மேலே பூசும் ஒன்று என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 2016 ஆகஸ்ட் 14 அன்று ரியோ ஒலிம்பிக்கில் நடந்த பெண்கள் வால்ட் (ஓடிவந்து மேசையை உந்திப் பாயும் போட்டி) இறுதிச்சுற்றின் கணக்கைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர் முதல் பாய்ச்சலில் 14.866 புள்ளிகள் பெற்றார். இரண்டாவதாக அவர் செய்தது புரோடுனோவா. மேசையைக் கைகளால் உந்தி எழுந்து, காற்றில் இரண்டு முன்குட்டிக்கரணம் போட்டு, தரை கண்ணுக்குத் தட்டுப்படாமலே வந்து இறங்க வேண்டிய பாய்ச்சல் அது. கடினத்துக்கு 7.0, செய்த விதத்துக்கு 8.266. இரண்டு பாய்ச்சல்களின் சராசரி 15.066, நான்காம் இடம். வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டெயின்க்ரூபருக்கு 15.216. இரண்டு பாய்ச்சல்களையும் சேர்த்துப் பார்த்தால் இருவருக்கும் இடைவெளி 0.3 புள்ளி. சிறு பிழைக்கு 0.1, நடுத்தரப் பிழைக்கு 0.3, பெரும்பிழைக்கு 0.5, கீழே விழுந்தால் 1.0 என்பது நடுவர்களின் கழிவு முறை. அதாவது, ஒரேயொரு நடுத்தரப் பிழையின் அளவு தூரத்தில் ஒலிம்பிக் பதக்கம் நின்றிருந்தது. மடங்கிய முட்டி, பிரிந்த பாதம், தாழ இறங்கிய இடுப்பு எல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகின்றன.

சரி, முட்டி எங்கே இருக்கிறது என்பதை மூளை எப்படி அறிகிறது? கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட்டுப் பாருங்கள். விரல் நேராக மூக்குக்குப் போகும். இந்தத் தன்னுடல் உணர்வைத் தனியொரு புலனாகப் பிரித்துக் காட்டியவர் பிரிட்டனின் நரம்பியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன். 1906-இல் அதற்கு அவர் பெயர் வைத்தார். நரம்பணுக்களைப் பற்றிய ஆய்வுக்காக 1932-இல் எட்கர் ஏட்ரியனோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றவரும் அவர்தான். ஏறக்குறைய ஒவ்வொரு தசைக்குள்ளும் சில மில்லிமீட்டர் நீளமுள்ள, நடு பருத்து முனை மெலிந்த உணர்கருவிகள் உண்டு. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதை அவை மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணில் இருக்கும் வேறொரு வகைக் கருவி, எவ்வளவு விசை அங்கே இழுக்கிறது என்று சொல்கிறது. மூட்டைச் சுற்றியுள்ள தோல் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. கழுத்துத் தசைகளில் இந்த உணர்கருவிகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் தேவைப்படும்.

இந்தப் புலன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனைச் சேர்ந்த இயன் வாட்டர்மேனின் வாழ்க்கை சாட்சி. 1971-இல், 19 வயதில், ஒரு நோய்த்தொற்றுக்குப் பின் கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வையும் தன்னுடல் உணர்வையும் அவர் இழந்தார். தசைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. பிறகு, கை கால்களைக் கண்ணால் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு அசைவையும் திட்டமிட்டு, கடும் உழைப்பில் மறுபடி நடக்கக் கற்றார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். தொடுவுணர்வுக்கும் தன்னுடல் உணர்வுக்கும் வேண்டிய பியெசோ-2 என்னும் புரதத்தைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியன் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தப் புரதத்துக்கான மரபணு பிறவியிலேயே பழுதான இருவரை ஆராய்ந்த அறிக்கை 2016-இல் வெளிவந்தது. கண் திறந்திருக்கும்போது அவர்களால் நடக்க முடிந்தது. கண்ணைக் கட்டியதும் தடுமாறினார்கள்.

சிறு குழந்தைகள் எல்லோருமே ஓரளவு கண்ணை நம்பி நிற்பவர்கள்தான். 1974-இல் டேவிட் லீ, எரிக் ஆரன்சன் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் ஓர் எளிய சோதனை செய்தார்கள். தரை அசையாது, சுவர்கள் மட்டும் முன்னும் பின்னும் நகரும் ஓர் அறை. அதற்குள் புதிதாக நிற்கக் கற்ற மழலைகளை நிறுத்திச் சுவரை நகர்த்தினார்கள். பல குழந்தைகள் தள்ளாடினார்கள், சிலர் விழுந்தே விட்டார்கள். உடல் அசையவில்லை என்று பாதமும் கணுக்காலும் சொல்லியும், கண் சொன்னதையே மூளை எடுத்துக்கொண்டது. கண், உட்காது, தசை ஆகிய மூன்றின் தகவல்களையும் சீர்தூக்கிப் பார்க்கும் திறன் பள்ளிப் பருவம் முழுக்கப் படிப்படியாகத்தான் முதிர்கிறது. எட்டு வயதுக் குழந்தை அந்தப் பயணத்தின் நடுவில் இருக்கிறாள். தலைகீழாக நிற்கும்போது அவள் முட்டி அவள் கண்ணுக்குத் தெரியாது. பழக்கமில்லாத நிலை என்பதால் தசை தரும் தகவலையும் அவளால் இன்னும் சரியாகப் படிக்க முடியவில்லை.

இப்போது, கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கும் அந்த ஹேண்ட்ஸ்டாண்டையே நெருங்கிப் பார்ப்போம். பயிற்சியாளர்கள் அதில் ஏன் அத்தனை நாள் செலவிடுகிறார்கள் என்பது அப்போது புரியும். நாம் நிற்கும்போது லேசாகச் சாய்ந்தால் கணுக்கால் திருத்திக்கொள்கிறது. கைகளில் நிற்கும்போது அந்த வேலையை மணிக்கட்டு செய்கிறது. உடல் விரல்கள் இருக்கும் பக்கம் சாய்ந்தால் விரல்நுனிகள் தரையை அழுத்தும்; எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அழுத்தம் உள்ளங்கையின் அடிப்பகுதிக்கு மாறும். இந்தச் சின்னத் திருத்தம் பாதம் வரை போய்ச்சேர வேண்டுமானால் நடுவில் எதுவும் தளரக்கூடாது. உள்ளங்கையில் ஒரு கம்பை நிறுத்தலாம், சங்கிலியை நிறுத்த முடியாது. தோள், விலா, இடுப்பு, முட்டி ஆகியவை ஒவ்வொன்றும் தன் போக்கில் அசைந்தால் உடல் சங்கிலியாகிவிடும். உடலை ஒரே கோடாக வைக்கச் சொல்வது நடுவர்களின் ரசனைக்காக வந்த விதி இல்லை. சமநிலைக்கான மிகச் சிக்கனமான வழி அது.

முதுகு ஏன் வளைகிறது? தோள்மூட்டு முழுதாகத் திறக்காத குழந்தை, கை காதை ஒட்டி வராததால், அந்தக் குறையை முதுகை வளைத்து ஈடுகட்டுகிறாள். இன்னொரு காரணம் தலை. தரையைப் பார்க்கும் ஆசையில் முகத்தைத் தூக்குகிறாள். கழுத்து பின்னால் மடங்கியதும் விலா முன்னே தள்ளுகிறது, இடுப்பு பின்னே போகிறது. கழுத்துத் தசைகளில் உணர்கருவிகள் நெருக்கமாக இருக்கின்றன என்று சொன்னேன் அல்லவா? தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை வைத்துத்தான் மூளை மற்ற உறுப்புகளின் இருப்பைக் கணக்கிடுகிறது. தலை தவறினால் எல்லாமே தவறுகிறது. ஆகவே முட்டியைத் திட்டிக்கொண்டிருப்பதைவிட முகத்தை இரு கைகளுக்கு நடுவே கொண்டுவரச் சொல்வது பல சமயம் பலன் தரும்.

நல்ல பயிற்சியாளர்கள் தலைகீழ் நிலைக்குப் போவதற்கு முன்பே தரையில் வேலையைத் தொடங்குகிறார்கள். குழந்தை மல்லாந்து படுக்கிறாள். இடுப்பைச் சுருட்டி, கீழ்முதுகைத் தரையோடு அழுத்துகிறாள். பிறகு தோளும் காலும் தரையிலிருந்து சற்றே உயர்கின்றன. பயிற்சிக்கூடங்களில் இதை 'ஹாலோ' என்பார்கள். முதுகுக்கும் தரைக்கும் இடையே பயிற்சியாளர் கையை நுழைத்துப் பார்ப்பார். கை நுழைந்தால் வளைவு இருக்கிறது. "என் கையை முதுகால நசுக்கு" என்று சொன்னதும் இடைவெளி மறைந்துவிடும். இங்கே கற்பிப்பது தரைதான். இதற்கு முன் அந்தக் குழந்தைக்குத் தன் கீழ்முதுகு என்று ஓர் இடம் இருப்பதே தெரியாது. தரையின் அழுத்தம் தோல் வழியே அந்த இடத்தை அவளுக்கு அடையாளம் காட்டுகிறது.

தொடுகையின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 1994-இல் ஜான் ஜெக்கா, ஜேம்ஸ் லாக்னர் இருவரும் நடத்திய சோதனையில், நிற்பவர்கள் அசையாத ஒரு பொருளை விரல்நுனியால் லேசாகத் தொட்டாலே உடலின் தள்ளாட்டம் வெகுவாகக் குறைந்தது. உடலின் எடையைத் தாங்கவே முடியாத அளவு மெல்லிய தொடுகை அது. தாங்கியதால் வந்த பலன் இல்லை, தகவல் கிடைத்ததால் வந்த பலன். சுவரைப் பார்த்தபடி வயிறு சுவர்ப்பக்கம் இருக்கும்படி ஹேண்ட்ஸ்டாண்ட் நிற்கச் சொல்வதன் பொருளும் இதுவே. மூக்கும் கால்விரலும் மட்டும் சுவரைத் தொட வேண்டும். வயிறோ தொடையோ அழுந்தினால் கோடு தவறிவிட்டது என்று சுவரே சொல்லிவிடும். முதுகைச் சுவரில் சாய்த்து நிற்பது எளிது, ஆனால் அது வளைவையே பழக்கப்படுத்துகிறது. குழந்தை விழாமலிருக்கப் பிடிப்பதும் இப்படித்தான் இருக்க வேண்டும். முழு எடையையும் பயிற்சியாளரே தாங்கிக்கொண்டால் குழந்தையின் உடல் எதையும் கற்காது. இரண்டு விரலால் இடுப்பைத் தொட்டு இடத்தைக் காட்டினால் போதும். பாதுகாப்புக்கு முழுப்பிடி தேவைப்படும் வித்தையை அந்தக் குழந்தை இன்னும் செய்யவே கூடாது.

பாதமும் அப்படியொரு தகவல் வாயில். பீம் என்னும் சமநிலைக் கட்டை 10 செ.மீ. அகலம், 5 மீ. நீளம், தரையிலிருந்து 125 செ.மீ. உயரம். அதன்மேல் நிற்கும் குழந்தைக்கு உள்ளங்கால்தான் கண். தீபா கர்மாகர் ஆறு வயதில் பயிற்சிக்கு வந்தபோது அவருக்குத் தட்டைப் பாதம். குதித்து எழவும் இறங்கவும் வேண்டிய விளையாட்டில் அது பெரிய தடை. பயிற்சியாளர் பிஷ்வேஷ்வர் நந்தியும் அவரும் அந்தப் பாதத்தோடு ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். வெறுங்காலுடன் நடப்பது, கால்விரலால் துணியைச் சுருட்டி இழுப்பது, தரையிலேயே ஒரு கோட்டை வரைந்து அதன்மேல் கண் மூடி நிற்பது போன்ற பயிற்சிகள் எந்தக் குழந்தைக்கும் கைகொடுக்கும். செலவும் இல்லை.

பயிற்சியாளர் சொல்லும் வார்த்தைக்கு வருவோம். 1998-இல் காப்ரியேல் வுல்ஃப் குழுவினர், பனிச்சறுக்கு அசைவைப் போன்ற ஒரு கருவியில் ஆட்களைப் பழக்கினார்கள். ஒரு குழுவிடம் "வெளிப்பக்கப் பாதத்தால் அழுத்துங்கள்" என்றும், மற்றக் குழுவிடம் "வெளிப்பக்கச் சக்கரத்தை அழுத்துங்கள்" என்றும் சொன்னார்கள். சக்கரமோ பாதத்துக்கு நேர் கீழேதான் இருக்கிறது. ஆனாலும் சக்கரத்தை நினைத்தவர்களே நன்றாகக் கற்றார்கள். அதற்குப் பின் பல விளையாட்டுகளிலும் இதே போன்ற முடிவு மீண்டும் மீண்டும் கிடைத்திருக்கிறது. உறுப்பைக் கவனித்தால் தானாக நடக்க வேண்டிய அசைவில் மனம் குறுக்கிடுகிறது. விளைவைக் கவனித்தால் உடல் தன் வழியைத் தானே கண்டுகொள்கிறது. "முட்டியை நீட்டு" என்பதற்குப் பதில் "கால்விரலால மேல்கூரையைத் தொடு" என்று சொல்லிப் பாருங்கள், கால் சட்டென்று நீளும்.

இதை வேதவாக்காக்கி உறுப்பின் பெயரையே சொல்லக் கூடாது என்று வாதிடுபவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தரையில் மெதுவாகச் செய்யும் ஹாலோ பயிற்சியில் குழந்தை தன் உள்ளே கவனிக்கத்தான் வேண்டும். எந்தத் தசை இறுகுகிறது, எது தளர்கிறது என்று அவளே தேடிக் கண்டுபிடிக்கும் நேரம் அது. ஓடிவந்து குதிக்கும் வேளையில் அந்த ஆராய்ச்சி ஆபத்து. அங்கே ஒரே ஓர் இலக்கு, ஒரே ஒரு சொல் போதும்.

திருத்தும் முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. குழந்தை இறங்கியதுமே வீடியோவைக் காட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அவள் தன் உடலைக் கேட்பதை விட்டுவிட்டுத் திரையைக் கேட்கப் பழகிவிடுவாள். போட்டியில் திரை இருக்காது. முதலில் கேளுங்கள்: "கால் ஒட்டியிருந்துச்சா, பிரிஞ்சிருந்துச்சா? நீ நடுவரா இருந்தா எவ்வளவு கழிப்ப?" அவள் யோசித்து ஒரு பதில் சொன்ன பிறகு வீடியோவைக் காட்டுங்கள். உணர்ந்ததற்கும் நடந்ததற்கும் இடையே உள்ள தூரத்தை அவளே பார்ப்பாள். அந்தத் தூரம் நாளடைவில் குறையும். இயக்கக் கற்றல் பற்றிய ஆய்வுகளும், தன் பிழையைத் தானே மதிப்பிட்ட பிறகு திருத்தம் பெறுபவர்களே நன்றாகக் கற்கிறார்கள் என்று காட்டுகின்றன.

காற்றில் எழும்பிய பிறகு கதை வேறு. தரையை விட்ட நொடியில் உடலின் கோண உந்தம் நிர்ணயமாகிவிடுகிறது. அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மாற்றக்கூடியது வடிவத்தை மட்டுமே. சுருண்டால் சுழற்சி வேகமாகும், நீண்டால் மெதுவாகும். ஒரு கையைச் சாய்த்தால்கூட உடல் திருகத் தொடங்கும். உட்காதில் உள்ள மூன்று அரைவட்டக் குழாய்கள் சுழற்சியின் மாற்றத்தை உணர்கின்றன. அவற்றின் பக்கத்திலிருக்கும் சுண்ணாம்புப் படிகங்கள் 'கீழே' எது என்று காட்டுபவை. ஆனால் காற்றில் மிதக்கும் அந்தச் சிறு நேரத்தில் உடல் தடையின்றி விழுவதால் அந்தக் குறிப்பு ஏறக்குறைய பயனற்றுப் போகிறது. வால்ட்டில் மேசையை விட்டபின் காற்றில் கிடைக்கும் நேரம் ஒரு விநாடிக்கு அருகில். தகவல் வந்து, யோசித்து, திருத்த அது போதாது. எனவே மூளை முன்கூட்டியே கணிக்கிறது. தசைக்கு உத்தரவு போகும்போதே, அதன் விளைவாக என்ன உணர்வு வரும் என்ற கணிப்பையும் சிறுமூளை தயார் செய்துவிடுகிறது. கணிப்பும் உண்மையும் ஒத்துப்போனால், தான் எங்கே இருக்கிறோம் என்று வீராங்கனைக்குத் தெரியும்.

ஒத்துப்போகாவிட்டால்? 2021 ஜூலை 27, டோக்கியோ ஒலிம்பிக். குழு இறுதிப்போட்டியில் சிமோன் பைல்ஸ் வால்ட்டில் இரண்டரைத் திருகல் செய்யத் திட்டமிட்டு ஒன்றரையோடு இறங்கினார். 13.766 புள்ளிகள். காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை என்றார். அந்த விளையாட்டில் இருப்பவர்கள் இதற்கு 'ட்விஸ்டீஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உலகின் மிகச் சிறந்த வீராங்கனைக்கே இது நேர்ந்தது. அவர் உடனே விலகிக்கொண்டார். பிறகு ஜுன்டென்டோ பல்கலைக்கழகத்தின் பயிற்சிக்கூடத்தில், மெத்தென்ற தரையில் விழுந்து விழுந்து உடலைச் சோதித்துப் பார்த்தார். ஆகஸ்ட் 3 அன்று பீம் இறுதிச்சுற்றில், திருகல் இல்லாத முடிப்பைத் தேர்ந்தெடுத்து வெண்கலம் வென்றார். 2024-இல் பாரிஸில் மூன்று தங்கம். தன் உடல் தரும் தகவல் பிசகிவிட்டது என்று கண்டுகொண்டு நிறுத்திய அந்த முடிவையே உடலறிவின் உச்சமாக நான் கருதுகிறேன்.

சாதாரணக் குழந்தைகளுக்கும் இப்படியொரு காலம் வரும். பெண் குழந்தைகளுக்குச் சராசரியாக 12 வயதை ஒட்டியும் ஆண் குழந்தைகளுக்கு 14 வயதை ஒட்டியும் உயரம் வேகமாகக் கூடுகிறது. முதலில் கைகால்கள் நீள்கின்றன, உடற்பகுதி பின்னால்தான் எட்டிப்பிடிக்கிறது. மூளை வைத்திருக்கும் அளவுகள் பழையவை. நேற்று வரை வந்த கரணம் இன்று வராது. இயற்பியலும் எதிராக நிற்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் 10 சதவீதம் வளர்ந்த உடலைச் சுழற்றுவதற்கான தடை ஏறத்தாழ 61 சதவீதம் கூடும். தசையின் குறுக்குவெட்டுப் பரப்பு, அதோடு அதன் பலம், 21 சதவீதம் மட்டுமே கூடும். "சோம்பேறியாயிட்டா", "பயந்துட்டா", "வெயிட் போட்டுட்டா" என்று குழந்தையின் காதுபடப் பேசுவது இந்த வயதில்தான். வளரும் குழந்தையின் மணிக்கட்டு எலும்பின் வளர்ச்சித் தட்டும் அடிபடக்கூடிய காலம் இது. செய்ய வேண்டியது, கடினமான வித்தைகளைக் குறைத்து, தரையில் படுத்துச் செய்யும் பழைய பயிற்சிகளுக்கே திரும்புவது. நீண்ட கைகால்களை உடல் மறுபடி அறிந்துகொள்ள மாதங்கள் ஆகும். அந்த மாதங்களைக் கொடுத்தே ஆக வேண்டும்.

பிரிட்டனில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியில் நடந்த கொடுமைகளை விசாரித்த வைட் அறிக்கை 2022-இல் வெளிவந்தது. காயத்தோடு பயிற்சி செய்ய வைத்தது, எடையைச் சொல்லி அவமதித்தது, உணவையும் தண்ணீரையும் மறுத்தது என்று அதில் பதிவானவை நெஞ்சை உலுக்குகின்றன. அற நோக்கில் இவை குற்றம் என்பதில் ஐயமில்லை. அறிவியல் நோக்கில் பார்த்தாலும் இது அழிவு வேலை. வலிக்கிறது என்று சொன்ன குழந்தையிடம் "வலிக்கல, நடிக்கிற" என்று திரும்பத் திரும்பச் சொன்னால், உள்ளிருந்து வரும் தகவலை நம்பாதே என்றுதான் கற்றுக்கொடுக்கிறோம். அப்படி வளர்ந்தவளிடம் காற்றில் தன் முழங்கால் எங்கே என்று உணரும் நுட்பத்தை எப்படி எதிர்பார்க்க முடியும்?

குழந்தையைப் பயிற்சிக்குச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு: கோப்பைகளை எண்ணாதீர்கள். ஒரு மாலை அங்கே உட்கார்ந்து, குழந்தை தவறு செய்ததும் பயிற்சியாளர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். "உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருப்பவர் என்றால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். வலி என்று சொன்ன குழந்தையைத் திட்டுகிறார் என்றால், எத்தனை பதக்கம் வாங்கித் தந்தவராக இருந்தாலும், உங்கள் குழந்தையை அங்கே விடாதீர்கள்.